எம்ஜிபி ஜிடி 1972: கதவுப் பட்டை கழன்று படபடக்கிறது. கிளிப்பா, டேப்பா? (இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

சாவித்துளை

வணக்கம். வண்டி 1972 எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர் மாடல், இருப்பது இங்கிலாந்தில். இடது கதவில் ஓடும் பளபளப்பான பட்டையின் பின்முனை கதவை விட்டு 10 மி.மீ. வெளியே நிற்கிறது. உள்ளங்கையால் அழுத்தினால் உட்காரும். கையை எடுத்து ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுந்துவிடும். மணிக்கு 50 மைல் தாண்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி சத்தம்.

அதே பக்கம் முன் ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) பட்டை பார்வைக்கு நேராக இருக்கிறது. ஆனால் நடுவில் விரல் வைத்தால் மேலும் கீழும் ஆடுகிறது. கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவில் கடைசி பிளாஸ்டிக் கிளிப் பாதி உடைந்திருக்கிறது. ஃபெண்டரில் ஒரு ரிவெட் (கிளிப்பைத் தகட்டோடு பிடிக்கும் ஆணி) கிளிப்போடு சேர்ந்து சுற்றுகிறது, அதன் அடியில் பெயிண்டில் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறது.

கேட்க வேண்டியது நான்கு. பட்டையை மடங்காமல் கழற்றுவது எப்படி? கிளிப்பையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல இரட்டைப் பக்க டேப் ஒட்டினால் போதும் என்கிறார்கள், சரியா? சுற்றுகிற ரிவெட்டை எப்படி எடுப்பது? இதற்கெல்லாம் கதவின் உள் பேடை (உள்பக்கம் மூடும் அட்டை) கழற்ற வேண்டுமா?

வண்டிக்கு ஒருமுறை முழு பெயிண்ட் அடித்திருக்கிறது. செல்லுலோஸா (தின்னரில் கரையும் பழைய வகை) டூ-பேக்கா (கெட்டியாக்கி கலந்து அடிக்கும் வகை) என்று தெரியாது.

உப்புத்தாள்

முதலில் பெயிண்ட் விஷயத்தை முடிச்சுடுங்க. கதவைத் திறந்து, கீல் பக்கம் கண்ணில் படாத இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் செல்லுலோஸ் தின்னர் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க. துணியில் கலர் தாராளமா ஏறி, பெயிண்ட் பிசுபிசுன்னு ஆனா செல்லுலோஸ். அப்படின்னா வெளியில் எங்கேயும் தின்னர் வேண்டாம். துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணியும் சரிபாதி கலந்தா போதும்.

பட்டை ஏன் எழும்புதுன்னு புரிஞ்சா மத்தது சுலபம். அது கவுத்துப் போட்ட ஓடு மாதிரி. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் உள்பக்கமா மடிஞ்சு உதடு மாதிரி இருக்கும். அந்த ரெண்டு உதடும் கிளிப்பின் ரெண்டு ஓரத்தைக் கவ்விப் பிடிக்கணும். ஒன்று கிளிப் உடைஞ்சிருக்கும், இல்லேன்னா யாராவது திருப்புளியை விட்டு நெம்பி உதட்டை விரிச்சிருப்பாங்க. பழைய வண்டியில் பெரும்பாலும் ரெண்டுமே இருக்கும். புது கிளிப் மட்டும் போட்டுட்டு உதட்டைக் கவனிக்கலேன்னா கொஞ்ச நாளில் மறுபடி இதே சத்தம்தான்.

கழற்றும்போது நடுவில் நெம்பவே கூடாது. பட்டை மெல்லிசு. நடுவில் ஒரே இடத்தில் தூக்கினா அங்கேயே மடங்கும், மடங்கின கோடு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் வெயிலில் தெரியும். பட்டைக்கு மேலேயும் கீழேயும் கதவில் ரெண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. ஏற்கெனவே எழும்பி நிற்கிற பின்முனையில் ஆரம்பிங்க. பிளாஸ்டிக் நெம்பியைக் கீழ் உதட்டுக்கு அடியில் விட்டு, அடுத்த கிளிப் இருக்கிற இடத்துக்கு நேரா, பட்டையின் கீழ் விளிம்பை வெளியே இழுக்காம மேல்பக்கமா உருட்டுங்க. 'டப்'புன்னு விடும். ஒரு கிளிப் விட்டதும் அடுத்ததுக்குப் போங்க. விட்ட பகுதியை இன்னொரு கையால் தாங்கிப் பிடிங்க, தொங்க விட்டா அதன் எடையே அடுத்த கிளிப்கிட்ட மடக்கிடும்.

ஒரு இடத்தில் அசையவே மாட்டேங்குதுன்னா நிறுத்துங்க. சில துண்டில் முனையில் ஸ்டட் வெச்ச கிளிப் இருக்கும், உள்ளேயிருந்து நட் போட்டு முறுக்கியிருக்கும். அதை வெளியிலிருந்து நெம்பினா பட்டை கிழியும், இல்லேன்னா கதவுத் தகடு குழியும். ஃபெண்டர்னா அந்த நட் வீல் ஆர்ச் உள்பக்கம், சேறும் துருவும் மூடிக் கிடக்கும். கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கும் எண்ணெய் அடிச்சு ஒரு ராத்திரி விட்டுட்டுக் கழற்றுங்க. கதவில் அப்படி நட் இருந்தா உள் பேடு கழற்றித்தான் ஆகணும். இல்லாட்டியும் கழற்றச் சொல்வேன், காரணம் ரிவெட் பத்தி எழுதறவங்க சொல்வாங்க.

பட்டை கையில் வந்ததும் வெர்னியர் (நுண் அளவுகோல்) எடுங்க. இறுக்கமா இருந்த முன்முனையில் ரெண்டு உதட்டுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு, பின்முனையில் எவ்வளவுன்னு 50 மி.மீ.க்கு ஒருதரம் அளந்து, பட்டை மேலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுங்க. அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலே பிடி போயிடும்.

பழைய ரிவெட்

ரிவெட் பற்றி.

கதவுப் பேடைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம், உடைத்த ரிவெட்டின் பின்பாதி கதவுக்குள்தான் விழும். ஐந்தாறு துண்டுகள் கதவின் அடியில் ஈர மண்ணோடு சேர்ந்து வடிகால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அடுத்த இரண்டு குளிர்காலத்தில் கதவின் அடிப்பகுதி துருப்பிடிக்கும். பேடு கழன்றிருந்தால் காந்தத்தாலும் வாக்யூமாலும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, உள்ளிருக்கும் ஸ்டீல் ஊசி மட்டும்தான் ஒட்டும். ஆகவே வாக்யூம் கட்டாயம். வடிகால் ஓட்டைகளையும் ஒரு கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள்.

துளையிடும் முன் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி வையுங்கள். இதை மறந்து கண்ணாடியில் ட்ரில் பட்டால் பட்டையெல்லாம் சின்ன விஷயமாகிவிடும்.

பாப் ரிவெட் என்பது நடுவில் உள்ள ஊசியை இழுத்தால் பின்பக்கம் குவிந்து பிடிக்கும் வகை; அதன் நடுவில் ஸ்டீல் ஊசியின் தலை மிச்சம் இருக்கும். அலுமினியத்தை விட அது கடினம். நேராக ட்ரில் வைத்தால் பிட் அதில் வழுக்கி ஓரமாக ஓடி, தகட்டுத் துளையை நீள்வட்டமாக்கிவிடும். முதலில் 2 மி.மீ. பஞ்ச் வைத்து அந்த ஊசியை உள்ளே தட்டி விழவையுங்கள். பிறகு ரிவெட்டின் உடல் விட்டத்துக்கு ஏற்ற பிட் போட்டு, குறைந்த வேகத்தில் தலையை மட்டும் அரையுங்கள். தலை வளையமாகப் பிட்டில் ஏறி வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். உடலைப் பஞ்சால் உள்ளே தள்ளுங்கள். பிட்டின் மேல் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, நுனி 4 மி.மீ. மட்டும் தெரியும்படி விட்டால், சறுக்கினாலும் சக் பெயிண்டில் அடிக்காது.

சுற்றுகிற ரிவெட்டில் இது வேலை செய்யாது, பிட்டோடு அதுவும் சேர்ந்து சுற்றும். அங்கே கிளிப்பை வெட்டி எடுத்துவிட்டு, ரிவெட் தலைக்கு அடியில் மெல்லிய பட்டித்தகட்டை (பட்டி பார்க்கிற அதே தகடுதான்) செருகி அழுத்திப் பிடித்துக்கொண்டு அரையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தலையைச் சின்ன அரத்தால் இரண்டு பக்கம் தட்டையாக்கி, இடுக்கியால் பிடித்துக்கொண்டு துளையிடலாம்.

புது ரிவெட்: 3.2 மி.மீ. விட்டம், துளை 3.3. நீளம், தகடும் கிளிப்பும் சேர்ந்த தடிமனைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து இரண்டரை மி.மீ. அளவில் வந்தால் 6 மி.மீ. நீளம் போதும், 3-ஐத் தாண்டினால் 8. நீளமாக இருந்தால் பலம் அதிகம் என்று 12 மி.மீ. வாங்காதீர்கள். பின்னால் ஒழுங்காகக் குவியாமல் சாய்ந்து மடியும், பிடியே இருக்காது.

எந்த உலோகம் என்பது இன்னும் முக்கியம். கடையில் மலிவாகக் கிடைப்பது அலுமினிய உடல், ஸ்டீல் ஊசி. ஊசியின் தலை உள்ளேயே தங்கித் துருப்பிடித்து, நடுத்துளை வழியாகத் தண்ணீரோடு வெளியே வரும். உங்கள் பழுப்புக் கோட்டில் பாதி அதுவாக இருக்கலாம், மீதி பாதி தகடு. அலுமினிய உடல், அலுமினிய ஊசி எடுங்கள். இன்னும் நல்லது, அடி மூடிய ரிவெட். தண்ணீர் ஊடுருவாது. முழு ஸ்டெய்ன்லெஸ் ரிவெட் இங்கே வேண்டாம். இழுக்க அதிக விசை வேண்டும், அந்த விசையில் பிளாஸ்டிக் கிளிப் விரியும், மெல்லிய தகடு குழியும். போதாததற்கு அதைப் பிற்பாடு கழற்றுவது பெரும்பாடு.

ஒவ்வொரு ரிவெட்டையும் பாலியூரித்தேன் சீலன்டில் நுனி தோய்த்து மாட்டுங்கள். வினிகர் வாசனை வருகிற குளியலறை சிலிகான் வேண்டவே வேண்டாம். அது உலரும்போது விடுகிற அசிட்டிக் அமிலம் தகட்டை அரிக்கும்.

இரட்டை டேப்

டேப் கேள்விக்கு வர்றேன். எல்லா இடத்திலும் டேப்தான் என்று சொல்கிற கட்சி நான். ஆனா இந்த வண்டிக்கு இல்லை.

டேப் பிடிக்க ரெண்டு தட்டையான முகம் வேணும். எம்ஜிபி பட்டையின் பின்பக்கம் குழிவு. வி.எச்.பி. 5952 (3எம் நிறுவனத்தின் இரட்டைப் பக்க நுரை டேப்) தடிமன் 1.1 மி.மீ. அதை உள்ளே ஒட்டினா கதவைத் தொடவே தொடாது. மூணு நாலு அடுக்கு போட்டு நிரப்பறவங்க இருக்காங்க, வெயிலில் அடுக்குக்கு அடுக்கு நழுவும். உதட்டு விளிம்பில் மட்டும் ஒட்டினா ரெண்டு மி.மீ. அகலம்கூடக் கிடைக்காது.

பின்பக்கம் தட்டையா இருக்கிற பிளாஸ்டிக் மோல்டிங், அதாவது 80, 90-களில் வந்த பல ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் மாதிரின்னா, டேப்பை விட நல்ல வழி கிடையாது. இங்கே படிக்க வர்ற மத்தவங்களுக்காக முறையைச் சொல்லிடறேன். மோல்டிங்கை ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பை ரெண்டு கையிலும் சுத்தி, ரம்பம் மாதிரி இழுத்து அறுங்க. மிச்ச நுரையை ரப்பர் சக்கரம் போட்டு எடுக்கலாம், வேகம் குறைவா வெச்சு, ஒரே இடத்தில் நிறுத்தாம. நிறுத்தினா பெயிண்ட் பொங்கும். பிறகு ஆல்கஹால்-தண்ணீர் துடைப்பு. ஒரு துணியில் துடைச்சு, காயும் முன்னாடி இன்னொரு காய்ந்த துணியால் எடுக்கணும், இல்லேன்னா அழுக்கை இடம் மாத்தி வெச்ச கதைதான்.

மோல்டிங் பாலிபுரோபிலீன் வகைன்னா பிரைமர் 94 (டேப் நல்லா பிடிக்க முன்னாடி பூசறது) ஒரு மெல்லிய பூச்சு, டேப் வர்ற இடத்தில் மட்டும். டேப் மோல்டிங் விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும். உலோகமும் டேப்பும் 20 டிகிரிக்கு மேல் இருந்தா நல்லது. 10 டிகிரிக்குக் கீழே ஒட்டவே ஆரம்பிக்காதீங்க, பசை தகட்டில் படராது. ஒட்டினதும் ரோலரால் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், அதாவது மெதுவா தடவிக் கொடுக்கிறது இல்லை, உடம்பைச் சாய்ச்சு அழுத்தறது. அறை வெப்பத்தில் 20 நிமிஷத்தில் பாதி பலம், ஒரு நாளில் 90 சதவீதம், முழு பலத்துக்கு 72 மணி நேரம். அதுவரை தண்ணி அடிச்சுக் கழுவக் கூடாது. ஒட்டின அன்னிக்கே வண்டி கழுவிட்டு டேப் மேல பழி போடறதுதான் வழக்கமா நடக்குது.

உங்க பட்டைக்கு டேப் வேணாம்னாலும் சத்தத்துக்கு ஒரு உதவி உண்டு. ரெண்டு கிளிப்புக்கு நடுவில், குழிவுக்குள்ள பட்டாணி அளவு பியூட்டைல் (ஒட்டும் மெத்து ரப்பர்) உருண்டை வைங்க. அது உலராது, கெட்டியாகாது. அதிர்வை விழுங்கும், பிற்பாடு பட்டையைக் கழற்றும்போது இழுபட்டு விடும். ஆனா கிளிப்புக்குப் பதில் அதை நம்பக் கூடாது.

பழைய ரிவெட்

பியூட்டைல் சரி. ஆனால் தொடர்ச்சியாகக் கோடு போல வைக்காதீர்கள். பட்டைக்கு மேல் விழும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும், அது கீழே வழிய இடம் வேண்டும். தண்ணீரை உள்ளே பூட்டி வைத்தால், சாலையில் கொட்டுகிற குளிர்கால உப்பும் சேர்ந்து, எல்லா ரிவெட் துளையும் ஒரே நேரத்தில் துருப்பிடிக்கும். பாலியூரித்தேன் நிரப்பிப் பட்டையையே ஒட்டிவிடுகிற ஆட்களும் உண்டு. அந்தப் பட்டையை முழுசாகக் கழற்ற முடியாது, அவ்வளவுதான்.

சாவித்துளை

நன்றி அண்ணே, எல்லோருக்கும். ஆல்கஹால் கலவை வாங்கிவிட்டேன், பெயிண்ட் டூ-பேக் என்று தெரிந்தது, துணியில் கலர் ஏறவில்லை.

பட்டை இரண்டும் கழன்றுவிட்டன. கதவுப் பட்டையின் உதட்டு இடைவெளி முன்முனையை விடப் பின்முனையில் 1.2 மி.மீ. அதிகம். நடுவில் ஒரு சின்ன நெளிவு, நெம்பிய தடம் போல. அது குரோம் முலாமா ஸ்டெய்ன்லெஸ்ஸா? காந்தம் ஒட்டுகிறது, அதனால் முலாம் போட்ட இரும்பு என்று நினைக்கிறேன். அப்படியென்றால் தேய்க்கக் கூடாதே?

ஃபெண்டரில் சுற்றிய ரிவெட்டை எடுத்தபின் துளை 5 மி.மீ., நீள்வட்டம். சுற்றிலும் ஐந்து பைசா அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருக்கிறது. சுரண்டினால் அடியில் பட்டி, கிட்டத்தட்ட 2 மி.மீ. தடிமன்.

உப்புத்தாள்

காந்தம் ஒட்டினாலும் ஸ்டெய்ன்லெஸ்ஸா இருக்கலாம் தம்பி. 430 வகை ஸ்டெய்ன்லெஸ்ஸில் நிக்கல் கிடையாது, காந்தம் ஒட்டும். ட்ரிம் பட்டைக்கு அந்த வகை சகஜம். சமையலறையில் இருக்கிற 304 பாத்திரத்தை வெச்சு எல்லா ஸ்டெய்ன்லெஸ்ஸையும் எடை போடக் கூடாது. பின்பக்கம் பாருங்க. முலாம் போட்ட இரும்புன்னா உள்பக்கம் மங்கலா, துரு படிஞ்சிருக்கும். உள்பக்கமும் வெள்ளையா சுத்தமா இருந்தா ஸ்டெய்ன்லெஸ், தைரியமா தேய்க்கலாம்.

உதட்டை மடக்க: குழிவுக்குள்ள சரியா நுழையற மாதிரி ஒரு கட்டித் தேக்கு, இல்லேன்னா ஓக் குச்சி சீவிக்குங்க, 100 மி.மீ. நீளம். அதை உள்ளே வெச்சா பட்டையின் முகம் அமுங்காது. இடுக்கியின் தாடை ரெண்டுக்கும் நாலு சுத்து துணி டேப். விரிஞ்ச இடத்தில் 20 மி.மீ.க்கு ஒரு அழுத்து, ஒவ்வொரு தடவையும் கால் மி.மீ. மட்டும். முழு நீளமும் ஒருதரம் போயிட்டு, அளந்து, மறுபடி முதலிலிருந்து. ஒரே இடத்தில் 1.2 மி.மீ.யையும் ஒரே அழுத்தில் மடக்கினா வெளிமுகத்தில் அலை விழும். நல்ல முனையின் அளவை விட 0.2 மி.மீ. குறைவா நிறுத்துங்க. போடும்போது அது விரிஞ்சு சரியாகும்.

கடைசியில் கையில் ஒரு புது கிளிப்பை வெச்சுப் பட்டையில் மாட்டிப் பாருங்க. கட்டைவிரலால் அழுத்தினா 'டக்'குன்னு உட்காரணும், உட்கார்ந்தபின் விரலால் தள்ளினா நகரலாம், ஆனா தானா வழுக்கி ஓடக் கூடாது. இப்போ கிடைக்கிற மறு தயாரிப்பு கிளிப்புகள் எல்லாம் ஒரே அளவில் வர்றதில்லை, அதனால் இந்தச் சோதனையை ரிவெட் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கிளிப்புக்கும் செய்யுங்க. தேவையை விட நாலு அதிகமா வாங்குங்க.

நைலான் கிளிப்னா வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க. ரொம்ப நாள் உலர்ந்து கிடந்த நைலான் நொறுங்கும், ஈரம் குடிச்சா வளைஞ்சு கொடுக்கும். சிரிக்காதீங்க, பாதி கிளிப் உடையறது இந்த ஒரு வேலை செய்யாததால்தான்.

நெளிவுக்கு: பட்டையைக் கவுத்து, தடித்த தோல் துண்டு மேல் வெச்சு, உள்பக்கத்திலிருந்து முனை உருட்டின மரக்குச்சியை வெச்சு சின்னச் சுத்தியால் தட்டுங்க. பலமா ஒரு அடி வேண்டாம், மெதுவா இருபது அடி. ஓரத்திலிருந்து நடுவுக்கு வரணும். அப்புறம் 400 நம்பர் தண்ணி உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுத்தி நீளவாக்கில் தேய்ச்சா மேடு எங்கே பள்ளம் எங்கேன்னு தானா தெரியும். மேடு இருந்தா மறுபடி தட்டல். சமமானதும் 800, 1200, 2000, கடைசியில் ஆட்டோசால் (உலோகப் பாலிஷ்) போட்டுத் துணிச் சக்கரம். ஒவ்வொரு நம்பருக்கும் முந்தின கீறல் முழுக்க மறையணும், 800-லிருந்து நேரா பாலிஷுக்குத் தாவினா பட்டை முகம் பார்க்கும், ஆனா பனிமூட்டத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

பழைய ரிவெட்

துளைக்கு வருவோம். பட்டியின் மேல் ரிவெட் அடித்தது யாரோ, அதுதான் மூல காரணம். ரிவெட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் 2 மி.மீ. பட்டி இருந்தால், அதிர்வில் அது பொடிந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்த அளவுக்கு ரிவெட் தளரும், தளர்ந்தது ஆடும், ஆடினால் துளை பெரிதாகும், பெரிதான துளை வழியாகத் தண்ணீர். நீங்கள் பார்த்தது அந்தக் கடைசிக் கட்டம்.

துளையைச் சுற்றி 25 மி.மீ. வட்டத்துக்குப் பட்டியையும் பெயிண்டையும் வெறும் தகடு தெரியும்வரை எடுங்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைப் போக்கிவிட்டு, கூரான திருப்புளியால் தகட்டைக் குத்திப் பாருங்கள். உள்ளே போகாமல் 'டிங்' என்றால் பிழைத்தது. மெத்தென்று இறங்கினால் அந்த இடத்தை வெட்டி வெல்டு வைப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு மேல் பட்டி பூசுவது கணக்கைத் தள்ளிப் போடுவதுதான்.

தகடு திடமாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று, 5 மி.மீ. துளையை மிக் வெல்டிங்கில் அடைத்து மறுபடி 3.3 போடுவது. உள்பக்கம் தடித்த செம்புத் துண்டை அழுத்திப் பிடித்தால் வெல்டு அதில் ஒட்டாது, துளை மட்டும் நிரம்பும். ஒரு வினாடிக்கு மேல் அடிக்காமல் விட்டு விட்டு அடியுங்கள், இல்லையென்றால் ஃபெண்டர் வளையும். வீல் ஆர்ச் உள்ளே இருக்கும் அடிப்பூச்சு தீப்பிடிக்கும், அதை முதலில் சுரண்டிவிடுங்கள், பக்கத்தில் ஈரத் துணி இருக்கட்டும்.

வெல்டு வசதி இல்லையென்றால் இரண்டாவது வழி: ஃபெண்டரின் உள்பக்கம் கை எட்டும் இடமாக இருந்தால், 3.3 துளையிட்ட ஒரு வாஷரை உள்ளே வைத்து, 3.2 ரிவெட்டின் குவியல் அந்த வாஷரில் உட்காரும்படி அடிக்கலாம். வாஷர் தடிமனையும் சேர்த்து நீளத்தைக் கணக்கிடுங்கள். துளை 4 மி.மீ.க்குள் இருந்தால் 4 மி.மீ. ரிவெட்டே போதும், ஆனால் உங்கள் துளைக்கு அது பற்றாது. கிளிப் துளையையும் பெரிதாக்க வேண்டிவரும், கிளிப் விரிசல் விடும்.

எப்படிச் செய்தாலும் வெறும் தகட்டுக்கு எபாக்சி பிரைமர் இரண்டு கோட், துளையின் உள்விளிம்பிலும் சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிடுங்கள். துரு எப்போதும் வெட்டு விளிம்பில்தான் ஆரம்பிக்கும், ஆனால் ஸ்ப்ரே அங்கே படியாது. கலர் அடித்து முழுக்கக் காய்ந்தபின் கிளிப். எல்லாம் முடிந்ததும் உள்பக்கத்திலிருந்து ஒவ்வொரு ரிவெட் வாலுக்கும் மெழுகு வகைத் துருத் தடுப்பான், வாக்ஸாயில் போன்றது, ஒரு விசிறல். கதவில் பேடு போடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் கண்ணாடி ஏறும்போதெல்லாம் கோடு விழும்.

மழைத்துளி

ஒருவரும் நேர்க்கோடு பற்றிச் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் ஃபெண்டர், கதவு, பின்பக்கம் என்று மூன்று துண்டு. மூன்றும் ஒரே கோட்டில் ஓடவில்லை என்றால் தெருமுனையிலிருந்தே தெரியும், அந்தப் பட்டையில் வானம் உடைந்து பிரதிபலிக்கும்.

வெல்டு வைத்து மறுதுளை போடுகிற இடத்துக்கு, பக்கத்துப் பழைய துளைகளை அளவாக எடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றும் ஸ்பிரிங்கும் அளவைக் கெடுக்கும். முன்னும் பின்னும் நல்லபடியாக இருக்கிற இரண்டு துளைகளின் நடுவை ஒட்டி மெல்லிய மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினால் உடம்பின் வளைவை அதுவே பின்பற்றும். ஐந்து மீட்டர் பின்னால் போய், குந்தி உட்கார்ந்து பாருங்கள். அந்த டேப்பில் புள்ளி வைத்து, சென்டர் பஞ்சால் லேசாகத் தட்டிவிட்டு 2 மி.மீ., பிறகு 3.3.

கதவுக்கு இன்னொன்று உண்டு. எம்ஜிபி கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு ஃபெண்டரின் பின்விளிம்புக்குள் நுழைகிற மாதிரி திரும்பும். கதவுப் பட்டையின் முன்முனை கதவு விளிம்போடு சமமாக, அல்லது ஒரு நூல் வெளியே நின்றால், முதல்முறை முழுக்கத் திறந்தவுடன் ஃபெண்டர் பெயிண்டைச் சுரண்டிவிடும். முனை 3 மி.மீ. உள்ளே இருக்கட்டும். பட்டையை இரண்டு கிளிப்பில் மட்டும் தற்காலிகமாக மாட்டி, ஒருவர் மெதுவாகக் கதவைத் திறக்க, இன்னொருவர் விசிட்டிங் கார்டை இடைவெளியில் விட்டுப் பார்க்கட்டும். கார்டு மாட்டினால் பட்டையைப் பின்னால் தள்ளுங்கள். பட்டை கிளிப்பில் நகரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மேலே உப்புத்தாள் சொன்னது இதற்கும்தான்.

சாவித்துளை

கதவுத் துளைகளெல்லாம் நன்றாக இருக்கின்றன, அதனால் கதவை முதலில் முடிக்கப் போகிறேன். மாட்டும்போது மேல் உதடு முதலிலா, கீழ் உதடா? ரப்பர் சுத்தி பயன்படுத்தலாமா?

ஃபெண்டர் தகடு 'டிங்' என்றது. வாஷர் வழி.

உப்புத்தாள்

மேல் உதடு முதலில். முன்முனையிலிருந்து பின்னோக்கி எல்லாக் கிளிப்பின் மேல் ஓரத்திலும் பட்டையை வெறுமனே தொங்க விடுங்க. நீளவாக்கு இடத்தைச் சரி பண்ணுங்க, கார்டு சோதனையோட. பிறகு கிளிப்புக்கு நேரா உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழ் உதட்டை அழுத்துங்க, நடுக்கிளிப்பில் ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும். கிளிப் எங்கேன்னு தெரிய, பட்டைக்கு மேலே கதவில் ஒட்டின டேப்பில் முன்னாடியே பேனாவால் குறிச்சு வையுங்க. குறி இல்லாம கிளிப் இல்லாத இடத்தில் அடிச்சா குழி விழும்.

ரப்பர் சுத்தி வேண்டாம். எவ்வளவு அழுத்தறோம்னு கைக்குத் தெரியாது. உள்ளங்கை போதலேன்னா அந்தக் கிளிப்பின் அளவு தப்பு, இல்லேன்னா உதட்டை அதிகமா மடக்கிட்டீங்க. அப்போ கழற்றி 0.2 மி.மீ. விரிக்கணும், அடிச்சு ஏத்தக் கூடாது. குளிர் நாளில் செய்யறதா இருந்தா கிளிப்புகளுக்கு ஹேர் டிரையர் ஒரு நிமிஷம் காட்டுங்க.

மாட்டினதும் பின்முனையில் நகத்தை விட்டு இழுத்துப் பாருங்க. கடைசி கிளிப் முனையிலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தா அந்த வால் பகுதி காத்தில் அதிரும், அங்கே மட்டும் ஒரு பியூட்டைல் பட்டாணி.

மழைத்துளி

40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் இங்கே எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. அதனால் கூரான பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், சாலையில் யார் காலையாவது கிழித்தால் பொறுப்பு மட்டும் உங்களுடையதுதான். வாஷர் வேலை முடியும்வரை ஃபெண்டர் பட்டையை அரைகுறையாக மாட்டி ஓட்டாதீர்கள், கழற்றியே வையுங்கள். கழற்றி வைக்கும்போது சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்க வையுங்கள். சாய்த்து வைத்தால் வில் போல வளையும்.

சாவித்துளை

கதவுப் பட்டை உட்கார்ந்துவிட்டது. முன்முனை இடைவெளி 3.5 மி.மீ., கார்டு சுதந்திரமாக ஓடுகிறது. கதவுக்குள்ளிருந்து வாக்யூமில் வந்தது: பழைய ரிவெட் வால் பதினொன்று, உடைந்த கிளிப் இரண்டு, ஒரு பழைய பென்னி. நடு வடிகால் ஓட்டை முழுக்க அடைத்திருந்தது, கம்பி விட்டதும் ஒரு கோப்பை அளவு பழுப்புத் தண்ணீர் கொட்டியது. ஃபெண்டருக்கு எபாக்சி இரண்டாவது கோட் காய்ந்துகொண்டிருக்கிறது.